திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதி

திருப்பெரும்புதூர் மக்களவைத் தொகுதி (ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி) தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளுள் ஒன்றாகும். சென்னையின் மேற்கு, தென்மேற்குப் புறநகர்களும், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆகிய இடங்களை உள்ளடக்கிய தொழில் வட்டாரமும் இதில் அடங்கும். 2024 பொதுத் தேர்தலின்போது 23 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களைக் கொண்டிருந்த இத்தொகுதி, வாக்காளர் எண்ணிக்கையில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தொகுதியாக விளங்கியது.

இந்தியாவின் நாடாளுமன்ற ஆட்சிமுறை பிரித்தானியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் முறையைத் தழுவியது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், அதிக வாக்குப் பெற்றவருக்கு வெற்றி, மக்களவைக்குப் பொறுப்பான அமைச்சரவை ஆகிய கூறுகள் அங்கிருந்து பெறப்பட்டவை. அம்முறை எவ்வாறு இயங்குகிறது, இந்தியாவில் எங்கெங்கு மாற்றம் பெற்றது என்பதைக் காட்ட இத்தொகுதி ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அமைவிடமும் எல்லையும்

2008 ஆம் ஆண்டின் எல்லை மறுவரையறைக்குப் பின், இத்தொகுதி பின்வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது:

1. மதுரவாயல்
2. அம்பத்தூர்
3. ஆலந்தூர்
4. திருப்பெரும்புதூர் (தனி)
5. பல்லாவரம்
6. தாம்பரம்

இவற்றுள் திருப்பெரும்புதூர் சட்டமன்றத் தொகுதியிலேயே ஒரகடம் தொழில் வட்டாரம் உள்ளது. ஏனைய ஐந்தும் சென்னை மாநகரையும் அதன் புறநகர்களையும் சார்ந்தவை. எனவே தொகுதியின் பெயர் தொழில் வட்டாரத்தின் தலைமை ஊரிலிருந்து வந்தபோதிலும், வாக்காளர்களில் பெரும்பாலோர் அவ்வட்டாரத்துக்கு வெளியே வாழ்பவர்கள் ஆவர்.

திருப்பெரும்புதூர் வைணவப் பெரியார் இராமானுசர் பிறந்த ஊராகும்.

வரலாறு

பிரித்தானிய ஆட்சிக் காலம்

இப்பகுதி பிரித்தானிய ஆட்சியில் சென்னை மாகாணத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1861 ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டத்தின்படி அமைந்த சென்னை சட்ட மேலவையில் நியமன உறுப்பினர்களே இருந்தனர். 1919 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சி முறையைக் கொண்டுவந்தது. கல்வி, உள்ளாட்சி போன்ற சில துறைகள் மட்டும் சட்டமன்றத்துக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதி, காவல் போன்றவை ஆளுநரின் கையிலேயே இருந்தன. இதன்கீழ் 1920 இல் முதல் தேர்தல் நடைபெற்றது.

1935 ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இரட்டையாட்சியை மாகாணங்களில் நீக்கி, முழு அமைச்சரவை ஆட்சியை ஏற்படுத்தியது. ஆயினும் சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளுள் ஒன்றைப் பெற்றோருக்கே வாக்குரிமை இருந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பது, விடுதலைக்குப் பின் நடந்த 1951-52 பொதுத் தேர்தலிலேயே நடைமுறைக்கு வந்தது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் இலண்டனுக்கும் இடையே மற்றொரு தொடர்பும் உண்டு. இம்மாவட்டத்தின் கோழியாளம் என்ற ஊரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், இலண்டனில் 1930, 1931 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதியாகக் கலந்து கொண்டார். அங்கு எழுப்பப்பட்ட பிரதிநிதித்துவக் கோரிக்கை, 1932 ஆம் ஆண்டின் புனா ஒப்பந்தத்தின் வழியாக ஒதுக்கீட்டுத் தொகுதி முறையாக வடிவம் பெற்றது. பிரித்தானிய மக்களவையில் இத்தகைய தனித் தொகுதிகள் இல்லை.

தொகுதியின் உருவாக்கம்

1962 பொதுத் தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன. 1967 பொதுத் தேர்தலில் இது 39 ஆகக் குறைக்கப்பட்டது. அத்தேர்தல் முதல் திருப்பெரும்புதூர் தனி மக்களவைத் தொகுதியாக உள்ளது. 2008 மறுவரையறைக்கு முன் இது பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2009 தேர்தல் முதல் பொதுத் தொகுதியாக உள்ளது. எனினும் இதனுள் அடங்கும் திருப்பெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி, ஒதுக்கீட்டுத் தொகுதியாகவே அமைந்தது.

தேர்தல் முறை

பிரித்தானியாவைப் போலவே இங்கும் எளிய பெரும்பான்மை முறை பின்பற்றப்படுகிறது. பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் பெற வேண்டும் என்பதில்லை. பிற வேட்பாளர்கள் ஒவ்வொருவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றால் போதும். 2009 தேர்தலில் இத்தொகுதியில் வெற்றி பெற்றவருக்கும் இரண்டாம் இடம் பெற்றவருக்கும் இடையே ஏறத்தாழ 25,000 வாக்குகளே வேறுபாடு. மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளரின் வாக்குகள் இவ்வேறுபாட்டைவிட மிகுதியாகும்.

இம்முறையின் விளைவு தொகுதிகளைக் கூட்டிப் பார்க்கும்போது தெளிவாகும். 2014 இல் அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குகளுடன் 39 இல் 37 இடங்களை வென்றது. 2024 சூலை 4 அன்று நடந்த பிரித்தானியத் தேர்தலில் தொழிற்கட்சி ஏறத்தாழ 34 விழுக்காடு வாக்குகளுடன் 650 இல் 411 இடங்களைப் பெற்றது.

நடைமுறையில் சில வேறுபாடுகள் உள்ளன:

- பிணைத்தொகை: இந்திய மக்களவைத் தேர்தலில் பொது வேட்பாளர் 25,000 ரூபாய் செலுத்த வேண்டும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிடில் அது பறிபோகும். பிரித்தானியாவில் 500 பவுண்டு செலுத்த வேண்டும். 5 விழுக்காடு வாக்குப் பெற்றால் அது திரும்பக் கிடைக்கும்.
- வாக்களிக்கும் முறை: இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் பயன்படுகிறது. பிரித்தானியாவில் தாள் வாக்குச்சீட்டில் பென்சிலால் குறியிடுகின்றனர்.
- எவருக்கும் வாக்கில்லை என்ற தெரிவு: இந்தியாவில் 2013 முதல் உண்டு. பிரித்தானியாவில் இல்லை.
- அஞ்சல் வாக்கு: பிரித்தானியாவில் வாக்காளர் எவரும் காரணம் கூறாமல் கேட்டுப் பெறலாம். இந்தியாவில் படைவீரர், தேர்தல் பணியாளர் போன்ற சில வகையினருக்கே உண்டு.

உறுப்பினர்கள்

இத்தொகுதியிலிருந்து 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் இந்திய தேசிய காங்கிரசின் மரகதம் சந்திரசேகர் தொடர்ந்து வெற்றி பெற்றார். இவர் நடுவண் அமைச்சரவையிலும் பணியாற்றியவர். 1999, 2004 தேர்தல்களில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் அ. கிருஷ்ணசாமி வென்றார். எல்லை மறுவரையறைக்குப் பிந்தைய முடிவுகள் வருமாறு:

- 2009: வென்றவர் டி. ஆர். பாலு (திமுக), அடுத்து வந்தவர் ஏ. கே. மூர்த்தி (பாமக)
- 2014: வென்றவர் கே. என். இராமச்சந்திரன் (அதிமுக), அடுத்து வந்தவர் எஸ். ஜெகத்ரட்சகன் (திமுக)
- 2019: வென்றவர் டி. ஆர். பாலு (திமுக), அடுத்து வந்தவர் அ. வைத்திலிங்கம் (பாமக)
- 2024: வென்றவர் டி. ஆர். பாலு (திமுக), அடுத்து வந்தவர் ஜி. பிரேம்குமார் (அதிமுக)

1991 தேர்தல்

1991 மார்ச்சு மாதம் பிரதமர் சந்திரசேகர் பதவி விலகினார். மக்களவை கலைக்கப்பட்டது. புதிய அவை அமையும் வரை அவர் காபந்துப் பிரதமராக நீடித்தார். ஆட்சி ஒரு நாளும் தலைவரின்றி இருத்தலாகாது என்ற இவ்வழக்கம் பிரித்தானியாவிலிருந்து வந்ததாகும்.

மே 21 இரவு, மரகதம் சந்திரசேகருக்கு ஆதரவாகப் பரப்புரை செய்யத் திருப்பெரும்புதூர் வந்த முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி, தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். உடனிருந்த பலரும் உயிரிழந்தனர். எஞ்சிய கட்டங்களின் வாக்குப்பதிவு சூன் மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சூன் 15 அன்று வாக்குப்பதிவு நடைபெற்றது. கொலை நடந்த இடத்தில் பின்னர் நினைவிடம் அமைக்கப்பட்டது.

தேர்தலுக்குப் பின் பி. வி. நரசிம்ம ராவ் சூன் 21 அன்று பிரதமரானார். அப்போது அவர் நாடாளுமன்றத்தின் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லை. அமைச்சராகும் ஒருவர் ஆறு மாதங்களுக்குள் உறுப்பினராக வேண்டும் என்பது அரசியலமைப்பின் 75 ஆவது உறுப்பு. அவ்வாறே அவர் ஆந்திரப் பிரதேசத்தின் நந்தியால் தொகுதி இடைத்தேர்தலில் வென்றார். பிரித்தானியாவில் இதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. மரபு மட்டுமே உண்டு. 1963 இல் பிரதமரான அலெக் டக்ளசு ஹோம் தமது பிரபுப் பட்டத்தைத் துறந்து, சில நாள்கள் எந்த அவையிலும் இல்லாதிருந்து, பின் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்கு வந்தார்.

கொலை நடந்தபோது தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நிலவியது. 1991 சனவரியில் 356 ஆவது உறுப்பின்கீழ் மாநில அரசு கலைக்கப்பட்டிருந்தது. இவ்வுறுப்புக்கு முன்னோடி 1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93 ஆவது பிரிவாகும். 1939 இல் இராசகோபாலாச்சாரி அமைச்சரவை பதவி விலகியபின் சென்னை மாகாணம் 1946 வரை அப்பிரிவின்கீழ் ஆளப்பட்டது.

அமைச்சரவையும் நம்பிக்கையும்

மக்களவையின் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரையே அமைச்சரவை நீடிக்கும் என்பது வெஸ்ட்மின்ஸ்டர் முறையின் அச்சாணியாகும். 1979 மார்ச்சு 28 அன்று பிரித்தானியப் பிரதமர் ஜேம்சு கலகன் ஒரே வாக்கு வேறுபாட்டில் (311-310) நம்பிக்கை இழந்தார். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசும் அவ்வாறே ஒரு வாக்கில் (269-270) வீழ்ந்தது. அதிமுக ஆதரவை விலக்கிக் கொண்டதே அவ்வாக்கெடுப்புக்குக் காரணம். இதன் விளைவாக, 1998 இல் வாக்களித்த திருப்பெரும்புதூர் வாக்காளர்கள் அடுத்த ஆண்டே மீண்டும் வாக்களிக்க வேண்டியதாயிற்று.

உறுப்பினரின் தனி உரிமையில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. பிரித்தானிய உறுப்பினர் கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிக்கலாம். கட்சி அவரை நீக்கலாமேயன்றி அவரது இடம் பறிபோகாது. இந்தியாவில் 1985 இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி அவர் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும்.

மற்றொரு வேறுபாடு நிதி தொடர்பானது. 1993 இல் தொடங்கிய தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் இந்திய உறுப்பினர் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்கான பணிகளைப் பரிந்துரைக்கலாம். பிரித்தானிய உறுப்பினருக்கு அத்தகைய நிதி இல்லை. அவர் தொகுதியில் குறைகேட்பு நேரம் நடத்தி, மக்களின் முறையீடுகளைத் துறைகளுக்கு எழுதி அனுப்புவார்.

தொழில் வட்டாரமும் அதிகாரப் பகிர்வும்

1990களின் இறுதியிலிருந்து இப்பகுதி வேகமாகத் தொழில்மயமானது. ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலை திருப்பெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010 இல் உற்பத்தியைத் தொடங்கியது. டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆகியனவும் பின்னர் வந்தன.

பிரித்தானியாவில் நாடாளுமன்றமே மீயுயர் அதிகாரம் கொண்டது. இசுக்காட்லாந்து, வேல்சு ஆகியவற்றின் அவைகளும் 1998 ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டங்களால் ஏற்படுத்தப்பட்டவையே. இந்தியாவிலோ எழுதப்பட்ட அரசியலமைப்பே மீயுயர்ந்தது. அது அதிகாரத்தைப் பகிர்ந்தளிக்கிறது. ஒரகடத்தில் வாழும் ஒருவரின் தேவைகள் பின்வருமாறு பிரிகின்றன:

- நடுவண் அரசு: தேசிய நெடுஞ்சாலை, தொடர்வண்டி, சுங்க வரி, சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்புதல்
- மாநில அரசு: நிலம், காவல், குடிநீர், 1971 இல் நிறுவப்பட்ட சிப்காட்டின் தொழிற்பேட்டைகள்
- பொதுப் பட்டியல்: தொழிலாளர் நலம், தொழிற்சங்கம், தொழில் தகராறு
- ஊராட்சி: தெருவிளக்கு, துப்புரவு, உள்ளூர்ச் சாலை, வீட்டு வரி

எனவே ஆலைத் தொழிலாளரின் குறை எந்த மன்றத்துக்குரியது என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 15 வரை நீடித்தது. தொழிற்சங்கப் பதிவு அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாகும். பதிவுக்குரிய சட்டம் பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1926 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். பேச்சுவார்த்தை நடத்தியோர் மாநில அமைச்சர்கள். பதிவு குறித்து முடிவெடுக்குமாறு கெடு விதித்தது சென்னை உயர் நீதிமன்றம். சங்கம் 2025 சனவரியில் பதிவு பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இது நடுவண் நாடாளுமன்றம் 2020 இல் இயற்றியதாகும்.

புலம்பெயர் தொழிலாளர்களின் வாக்குரிமை

ஒரகடம் வட்டாரத்தில் பணிபுரிவோரில் தென் மாவட்டங்களையும் பிற மாநிலங்களையும் சேர்ந்தோர் பலர். 1950 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் தாம் வழக்கமாக வாழும் தொகுதியில் பதிவு செய்து கொள்ளலாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவு செய்ய இயலாது. ஒப்பந்தப் பணி, விடுதி வாழ்க்கை ஆகிய காரணங்களால் சொந்த ஊரிலேயே பதிவை வைத்திருப்போர், இங்கு வரியும் வாடகையும் செலுத்தினாலும் இங்குள்ள உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில்லை. உள்நாட்டுப் புலம்பெயர்ந்தோர் தொலைவிலிருந்தே வாக்களிக்க உதவும் எந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 சனவரியில் கட்சிகளின் முன் வைத்தது. 2024 தேர்தலில் அது பயன்படுத்தப்படவில்லை.

இதற்கு மாறாக, பிரித்தானியாவில் சட்டப்படி வாழும் பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் அந்நாட்டுப் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதன்படி, திருப்பெரும்புதூரிலிருந்து இலண்டன் சென்று பணிபுரியும் இந்தியக் குடிமகன் ஒருவர், அங்குப் பதிவு செய்து கொண்டு பிரித்தானிய மக்களவைக்கு வாக்களிக்க இயலும். 2024 தேர்தலில் ஈழத் தமிழ் வம்சாவளியினரான உமா குமரன் இலண்டனின் இசுட்ராட்போர்டு அன்டு போ தொகுதியிலிருந்து பிரித்தானிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தொகுதியின் அளவு குறித்த சிக்கல்

பிரித்தானியாவில் தொகுதி எல்லைகளைச் சுதந்திரமான எல்லை ஆணையங்கள் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். 2023 மீளாய்வின்படி, சில தீவுத் தொகுதிகள் நீங்கலாக, ஒவ்வொரு தொகுதியிலும் 69,724 முதல் 77,062 வரை வாக்காளர்கள் இருக்க வேண்டும். திருப்பெரும்புதூரின் 2024 வாக்காளர் எண்ணிக்கையை இதனுடன் ஒப்பிட்டால், ஏறத்தாழ 30 பிரித்தானிய உறுப்பினர்களுக்குரிய வாக்காளர்களை இங்கு ஒருவரே சார்கிறார்.

மக்கள்தொகையில் இந்தியா மிகப் பெரியது என்பதால் இவ்வொப்பீட்டை முழுமையாகக் கொள்ள இயலாது. ஆயினும் தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறுபாடு மிகுதி. 2024 இல் நாகப்பட்டினம் தொகுதியில் 13 லட்சத்தையொட்டிய வாக்காளர்களே இருந்தனர். அங்குள்ள ஒருவரின் வாக்கு, திருப்பெரும்புதூர் வாக்காளர் ஒருவரின் வாக்கைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு எடை கொண்டதாக அமைந்தது.

இதற்குக் காரணம் கணக்கெடுப்பு ஆண்டாகும். மாநிலங்களுக்கான இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின்படி 1976 இல் 42 ஆவது திருத்தத்தால் நிலைநிறுத்தப்பட்டது. 84 ஆவது திருத்தம் (2001) இதனை, 2026 க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும் வரை நீட்டித்தது. மாநிலத்துக்குள் எல்லைகளை வரைய 87 ஆவது திருத்தம் (2003) 2001 கணக்கெடுப்பை அடிப்படையாக்கியது. அதன்படியே 2008 எல்லைகள் வரையப்பட்டன. ஒரகடத்தின் பெரும் ஆலைகளும், தாம்பரம், அம்பத்தூர்ப் புறநகர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவும் 2001 க்குப் பின் வந்தவை. எனவே அவை எல்லைக் கணக்கில் இடம்பெறவில்லை.

இங்கு இரு வினாக்கள் ஒன்றாகப் பேசப்படுவதுண்டு. முதலாவது, மாநிலங்களுக்கிடையே இடங்களைப் பகிர்வது. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழக்கக் கூடாது என்பது இதில் எழும் வாதம். இரண்டாவது, ஒரு மாநிலத்துக்குள் எல்லைகளைச் சமப்படுத்துவது. தமிழ்நாட்டுக்குரிய 39 இடங்களை மாற்றாமலேயே திருப்பெரும்புதூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைக்க இயலும். இவ்விரண்டையும் மேற்கண்ட திருத்தங்கள் ஒரே கால எல்லையில் பிணைத்துவிட்டன. பிரித்தானியாவில் மொத்த இடங்கள் 650 எனச் சட்டத்தால் நிலைநிறுத்தப்பட்டிருக்க, எல்லைகள் மட்டும் காலந்தோறும் மாற்றப்படுகின்றன.

பிரித்தானியாவும் இந்நிலையைக் கடந்தே வந்தது. தொழிற்புரட்சியால் வளர்ந்த மான்செசுட்டர், பர்மிங்காம், லீட்சு ஆகிய நகரங்களுக்கு 1832 ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வரை தனி உறுப்பினர் இல்லை. அதேவேளை, குடியிருப்பே இல்லாதுபோன பழைய சாரம் என்னும் இடம் இரு உறுப்பினர்களை அனுப்பி வந்தது. ஆலைகள் வளரும் வேகத்தில் தொகுதி எல்லைகள் மாறாமையால் எழுந்த சிக்கல் என்ற வகையில், இன்றைய திருப்பெரும்புதூரின் நிலை அதனுடன் ஒப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- வெஸ்ட்மின்ஸ்டர் முறை
- இந்திய நாடாளுமன்றம்
- எல்லை மறுவரையறை ஆணையம்
- ஒரகடம்